கோப்புறையும் குறுவழியும்: ஒரு வரலாற்று நோக்கு

கணினித் திரையிலே கோப்புறைச் சின்னத்தைக் காணாதார் இன்று அரியர். அச்சின்னம் எங்கிருந்து வந்தது என வினவுவார் அவரினும் அரியர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பெருவணிக நிறுவனங்களின் கடிதப் போக்குவரத்துப் பெருகியபோது, தாள்களை மடித்துக் கட்டிவைக்கும் பழைய முறை போதாதாயிற்று. நூற்பகுப்பு முறையால் அறியப்படும் மெல்வில் டூயி தொடங்கிய லைப்ரரி பியூரோ என்னும் நிறுவனம், தாள்களை உறையிலிட்டு இழுப்பறையிற் செங்குத்தாக நிறுத்தும் முறையை 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியிற் காட்சிக்கு வைத்தது. ஆயின், இழுப்பறை தானாகத் திறப்பதில்லை. வேண்டிய கோப்பினை வேண்டிய பொழுதில் எடுத்துக் கொடுத்தவர்கள் குறைந்த ஊதியம் பெற்ற எழுதுவினைஞர்கள். இருபதாம் நூற்றாண்டில் அவர்களுட் பெரும்பாலார் பெண்கள். எது எங்கே உள்ளது என்ற அறிவு அவர்களது நினைவிலே தங்கியிருந்தது. அலுவலகத்தின் விரைவு எனப் போற்றப்பட்டது அவர்களது உழைப்பேயாகும்.

ஜெரொக்ஸ் நிறுவனம் 1981இல் வெளியிட்ட ஸ்டார் கணினி, மேசையையும் கோப்புறையையும் இழுப்பறையையும் திரைக்குக் கொண்டுவந்தது. அதன் விலை 16,000 டொலருக்கும் மேல். இங்கு ஒன்று மனங்கொள்ளத்தக்கது. அலுவலகத்தின் தளபாடங்கள் திரைக்கு வந்தன, எழுதுவினைஞர் வரவில்லை. தேடியெடுக்கும் வேலை பாவனையாளர் தலையில் விழுந்தது. உறைக்குள் உறை, அதற்குள் இன்னோர் உறை என ஒவ்வொன்றாகத் திறந்து செல்லும் சலிப்பினை நாமனைவரும் அறிவோம்.

இவ்விடர்ப்பாடு முன்னரே உணரப்பட்டதொன்று. 1945இல் வனிவர் புஷ் எழுதிய கட்டுரையொன்று, பிரிவிலிருந்து உட்பிரிவுக்குப் படிப்படியாக இறங்கும் அட்டவணை முறையைக் குறைகூறி, மனித மனம் தொடர்புகளினூடாகவே இயங்குகிறது என வாதிட்டது. 1965இல் மல்டிக்ஸ் முறைமைக்கென மரவடிவக் கோப்பமைப்பை விளக்கிய டேலியும் நியூமனும், ஒரு கிளையிலிருந்து பிறிதொன்றுக்கு நேரே செல்லும் இணைப்புகளையும் சேர்த்தே விளக்கினர். அதாவது, குறுவழி மரத்தோடு உடன்பிறந்தது. தாளுறை ஒரு நேரத்தில் ஓரிடத்தில் மட்டுமே இருக்கலாம். மின்னுறைக்கு அக்கட்டுப்பாடு இல்லை. மேசை என்னும் உவமையே இவ்வேறுபாட்டை மறைத்தது என்பது எமது கருத்து.

1984இன் மக்கின்டோஷிலோ கோப்புறை வெறும் தோற்றமாகவே இருந்தது. வட்டிலே கோப்புகள் அனைத்தும் ஒரே பட்டியலாய்க் கிடந்தன. இரு வேறு உறைகளிலுங்கூட ஒரே பெயரில் இரு கோப்புகளை வைக்க இயலவில்லை. 1985இலேதான் அங்கு உண்மையான படிநிலை அமைந்தது. மூலத்தை நகர்த்தாது அதற்கு மாற்றுச் சின்னமொன்றை மேசையில் வைக்கும் வசதியை அப்பிள் 1991இல் தந்தது; விண்டோஸ் 95 அதனைப் பெருந்தொகையான பாவனையாளரிடம் கொண்டுசென்றது. மல்டிக்ஸ் கட்டுரைக்கும் இவற்றுக்குமிடையே கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி!

அப்பிள் 2003இல் சேர்த்த பக்கப்பட்டையும் இவ்வகையினதே. இவற்றிலெல்லாம் எதனை அருகில் வைப்பது என்ற முடிவு பாவனையாளருடையது. 2015இல் வெளியான விண்டோஸ் 10இன் விரைவு அணுகலோ, பாவனையாளர் தாமே பொருத்துவனவற்றோடு, அடிக்கடி திறக்கப்படும் உறைகளையும் அண்மைக் கோப்புகளையும் தானே கணக்கிட்டுக் காட்டுகிறது. எழுதுவினைஞர் மீண்டும் வந்துவிட்டார் என மகிழலாமா? ஆண்டுக்கொருமுறை கணக்காய்வின்போது மட்டும் வேண்டப்படும் கோப்பின் முக்கியத்துவத்தை அவர் அறிவார். எண்ணிக்கையை மட்டும் நோக்கும் பொறி அதனை அறியாது. மேலும், பலர் பயன்படுத்தும் அலுவலகக் கணினியொன்றில், ஒருவர் இறுதியாகத் திறந்தவை அடுத்து அமர்பவரின் கண்ணிற்படக்கூடும். இக்கணக்கிடலை நிறுத்தும் வசதி உண்டு. ஆனால் அது வெளிப்படையாக முன்னே இல்லை; கோப்புறைத் தெரிவுகள் என்னும் பெட்டியைத் தேடித் திறந்தே அதனை அடைதல் வேண்டும்.