பீங்கான் நுண் உந்தி

கைக்குள் அடங்கும் செயற்கைக்கோளின் நிலையையும் பாதையையும் திருத்தும் சிறு ராக்கெட் பொறி. பீங்கான் அறைக்குள் வேதிப்பொருள் எரிந்தோ சிதைந்தோ பீறிடும் வாயு, மில்லிநியூட்டன் கணக்கில் விசை தருகிறது.

இதன் தொடக்கம் எதுவென்பது வரையறையைப் பொறுத்தது. 1960களின் ஷெல் 405 வினையூக்கியில் ஹைட்ரசீன் எரிபொருளைச் சிதைக்கும் இரிடியம், அலுமினா மணிகள்மேல் படிந்திருந்தது. அங்கே பீங்கான் தாங்கி மட்டுமே. 2000ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் உருவான 'டிஜிட்டல் நுண் உந்தி', சிலிக்கன் தகடுகளுக்கிடையே ஃபோட்டூரான் கண்ணாடியை வைத்தது. அக்கண்ணாடியைப் பீங்கானாகவும் மாற்றலாம் என்பதால் இதை முன்னோடியாகக் கொள்வதும் பொருந்தும்.

சிலிக்கனை விட்டு விலகக் காரணம் வெப்பம். பொறி சிறுக்கச் சிறுக்க, கொள்ளளவை விடச் சுவர்ப்பரப்பு ஓங்குகிறது. சூடு சுவர்வழியே ஓடித் தீ தணிந்துவிடும். சிலிக்கன் வெப்பத்தை நன்றாகக் கடத்தும்; பீங்கானோ பல மடங்கு குறைவாகவே கடத்தும்.

செய்முறை குயவர் தொழிலை ஒத்தது. அலுமினாத் தூளையும் கண்ணாடித் தூளையும் பிசினில் குழைத்து மெல்லிய நாடாவாக வார்ப்பர். சுடாத மண்கலத்தைப் பச்சைக்கலம் என்பதுபோல இதற்கும் 'பச்சை நாடா' என்றே பெயர். அறையும் கூம்புவாயும் ஏடு ஏடாக வெட்டப்படும். பற்றவைக்கும் மின்தடம் உலோகக் குழம்பால் அச்சாகும். ஏடுகளை அடுக்கி அழுத்தி 850 முதல் 900 டிகிரி செல்சியஸில் சுடுவர். வெள்ளி உருகுவது 962 டிகிரியில். அதற்குள் பீங்கான் வெந்துவிடுவதால் வெள்ளித் தடம் குலையாமல் நிற்கிறது. சூளையில் நாடா ஏறத்தாழ 13 விழுக்காடு சுருங்கும். ஒரு மில்லிமீட்டர்த் துளை வேண்டுமானால் 1.15 மில்லிமீட்டர் வெட்ட வேண்டும்.

இம்முறையில் அமைந்த திட எரிபொருள் உந்தியைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்டனர். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 2009இல் திரவ எரிபொருளை மின்னாற்பகுப்பால் பற்றவைத்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ருத்ர பிரதாப் உள்ளிட்டோரும் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தினரும் 2010இல் தங்கள் திட எரிபொருள் உந்தியை அறிவித்தனர். திட வகை ஒருமுறைதான் எரியும். ஆகவே பலவற்றை வரிசையாகப் பதிக்க வேண்டியிருக்கிறது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் 2017இல், அலுமினாவில் செய்த ஹைட்ரஜன் பெராக்சைடு உந்தி எவ்வாறு பழுதாகிறது என்பதையே ஆய்ந்து வெளியிட்டது.