பருத்திப் புண்ணாக்கு முட்டைக் கோழிக்கு ஏன் ஆகாது?

கறவை மாட்டுக்குப் பருத்திக் கொட்டையை ஊறவைத்து அரைத்துக் கொடுப்பது திருவண்ணாமலை பகுதியிலும் பழக்கம்தான். மிச்சமாகும் கொட்டையும் புண்ணாக்கும் நாட்டுக்கோழிக்குப் போய்விடுவதுண்டு. அதைத் தொடர்ந்து தின்ற கோழியின் முட்டை, இட்ட அன்று சாதாரணமாகவே தெரியும். சில வாரம் ஃபிரிட்ஜில் வைத்து உடைத்தால் வெள்ளைக்கரு இளஞ்சிவப்பாகவும், மஞ்சள்கரு கெட்டியாகவும் இருக்கும். அடைக்கு வைத்தால் குஞ்சு பொரிப்பதும் குறையும்.

இதற்குக் காரணம் பருத்தி விதையில் உள்ள ஒரு நொதி. சைக்ளோபுரோப்பேன் கொழுப்பு அமில சிந்தேஸ் என்பது அதன் பெயர். எஸ்-அடினோசில் மெத்தியோனின் என்ற பொருளிலிருந்து மெத்தில் தொகுதியின் கரியணுவை எடுத்து, ஒலியிக் அமிலத்தின் இரட்டைப் பிணைப்பில் சேர்க்கிறது. அங்கே மூன்று கரியணு கொண்ட சிறு வளையம் உண்டாகிறது. அதிலிருந்து ஸ்டெர்குலிக், மால்வாலிக் அமிலங்கள் உருவாகின்றன. இந்த நொதிக்கான மரபணுவை ஒரு தாவரத்திலிருந்து பிரித்து 2002-ல் விவரித்தார்கள். அந்தத் தாவரம் நமக்குத் தெரிந்த பீநாறி மரம்தான். அதன் விதை எண்ணெயில் பாதிக்கு மேல் ஸ்டெர்குலிக் அமிலமே. பருத்தி எண்ணெயில் இவ்வகை அமிலங்கள் சுமார் ஒரு சதவீதம்தான். கோழிக்கு அதுவே போதும்.

கோழியின் ஈரலில் ஸ்டியரிக் அமிலத்தை ஒலியிக் அமிலமாக மாற்றும் நொதியை இவை முடக்குகின்றன. மஞ்சள்கருவில் கெட்டிக் கொழுப்பு கூடுகிறது, அதைச் சுற்றியுள்ள சவ்வு தளர்கிறது. உள்ளிருக்கும் இரும்புச்சத்து வெளியே கசிந்து வெள்ளைக்கருப் புரதத்துடன் சேரும்போது இளஞ்சிவப்பு வருகிறது.

மஞ்சள்கரு பச்சை கலந்த பழுப்பாக மாறினால் அது வேறு கோளாறு. அதற்குப் பருத்தியிலுள்ள காசிபால் காரணம். தீவனத்தில் இரும்பு சல்பேட் சேர்த்தால் காசிபால் கட்டுப்படும், மேலே சொன்ன அமிலங்கள் கட்டுப்படாது.

எனவே முட்டையிடும் கோழிக்கும், அடைக்கு முட்டை எடுக்கும் தாய்க்கோழிக்கும் பருத்திக் கொட்டை, பருத்திப் புண்ணாக்கு வேண்டாம். இலவம் விதைப் புண்ணாக்கிலும் இதே அமிலங்கள் உண்டு. நம் பகுதியில் கிடைக்கும் மணிலாப் புண்ணாக்கு போதும், பூஞ்சணம் பிடிக்காததாகப் பார்த்து வாங்குங்கள். தீவனத்தை மாற்றியதும் முட்டை உடனே சரியாகிவிடாது. கோழியின் உடல் கொழுப்பில் தங்கியது கரைய நாளாகும். கறவை மாட்டுக்கு வழக்கமான அளவில் தரலாம். அசைபோடத் தொடங்காத இளங்கன்றுக்குக் கொடுக்கக் கூடாது.

பருத்தியே தராத கோழியின் முட்டையில் வெள்ளைக்கரு சிவந்திருந்தால், அது பாக்டீரியாவால் கெட்ட முட்டையாக இருக்கலாம். நாற்றம் இல்லாவிட்டாலும் அதைச் சமைக்காமல் கொட்டிவிடுங்கள்.