பிறர் சுமக்க முடியாத வினை: மேல்சித்தாமூர்ச் சமணமும் பாவத் தீர்வும்

மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் அமைந்த ஊர். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட இவ்வூரில் பாறைச் சிற்பங்கள் கொண்ட மலைநாதர் கோயிலும், உயர்ந்த கோபுரமுடைய பார்சுவநாதர் கோயிலும் உள்ளன. காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்து ஜினகாஞ்சி மடம் பிற்காலத்தில் இங்கு வந்து நிலைத்தது. அதன் தலைவர்கள் இலட்சுமிசேன பட்டாரகர் என்று அழைக்கப்படுகின்றனர். இக்கோயில்களில் வணங்கப்படும் தீர்த்தங்கரர் பாவத்தை மன்னிப்பதில்லை, வரமும் தருவதில்லை. வினையை வென்று வழிகாட்டியவர் என்பதே அவருக்குச் செய்யும் வழிபாட்டின் காரணம்.

வினை என்பது உயிரின்மேல் ஒட்டும் நுண்பொருள் என்று சமணம் கொள்கிறது. அது உயிருக்குள் வருவதை ஊற்று என்றும், பிணைத்துக்கொள்வதைக் கட்டு என்றும், மேலும் வராமல் தடுப்பதைச் செறிப்பு என்றும், ஒட்டியதைத் தவத்தால் கழிப்பதை உதிர்ப்பு என்றும் தமிழ்ச் சமண நூல்கள் கூறும். முற்றும் உதிர்ந்த நிலையே வீடு. பாவம் எந்தத் தேவனுக்கும் எதிராகச் செய்த குற்றம் அன்று. ஆதலால் சினம் தணிக்கப்பட வேண்டிய தேவனும் இங்கே இல்லை. செய்தவனே கழிக்க வேண்டும்.

இந்தக் கண்டிப்பான கொள்கையை நெடுங்காலம் காத்துவந்தவர்களில் பெரும்பாலோர் உழவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஏர் ஓட்டினால் மண்ணில் வாழும் உயிர்கள் மடியாமல் இரா. இதற்காக அறநூலார் கொலையை வகைப்படுத்தினர். கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்யும் கொலையை இல்லறத்தான் அறவே விட வேண்டும். தொழிலில் தவிர்க்க இயலாது நேர்வதைக் கவனத்தால் குறைக்க வேண்டும். குறைத்த பிறகும் எஞ்சும் வினைக்கு நோன்பும் இரவுணவு விலக்கும் மருந்தாயின.

துறவிகளுக்கு விதிகள் இன்னும் நுட்பமானவை. அகத்தவம் ஆறனுள் பிராயச்சித்தம் முதலாவது. தத்துவார்த்த சூத்திரம் அதை ஒன்பது வகையாகப் பகுக்கிறது: குருவிடம் குற்றத்தை ஒளியாமல் சொல்வதில் தொடங்கி, துறவு வாழ்வின் ஆண்டுக் கணக்கைக் குறைப்பது, சங்கத்திலிருந்து விலக்குவது, மீண்டும் தீக்கை அளிப்பது வரை அது செல்கிறது. இல்லறத்தாரும் இறுதிக்காலத்தில், உண்ணாதிருந்து உயிர்விடும் சல்லேகனை நோன்பு ஏற்கலாம். அதற்குமுன் தாம் செய்தது, பிறரைச் செய்யவைத்தது, பிறர் செய்ததற்கு உடன்பட்டது ஆகிய மூவகைப் பாவத்தையும் வஞ்சனையின்றி வெளிப்படுத்த வேண்டும். சுற்றத்தாரையும் ஏவலரையும் மன்னித்து, அவர்களிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும்.

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் சல்லேகனைக்குக் கல்லிலேயே சான்று உண்டு. இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் இரு வரிசையாகச் செதுக்கப்பட்ட அக்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்ததை ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு பதிவுசெய்கிறது. காலத்தால் பிந்திய மற்றொன்று, இளையபட்டாரர் 30 நாள் நோற்றதைக் கூறுகிறது. ஒருவர் தம் வினையைத் தாமே உதிர்க்க முயன்ற நாள்களைக் கல்லில் எண்ணி வைத்த சமூகம் அது.

தன் பாவத்துக்கு வேறொன்றை ஈடாகக் கொடுக்க முடியுமா என்ற கேள்வியை நேராக எடுத்துக்கொண்ட தமிழ் நூல் யசோதர காவியம். தீக்கனவு கண்ட யசோதர மன்னனை, தேவிக்கு உயிர்ப்பலி கொடுக்குமாறு தாய் சந்திரமதி வற்புறுத்துகிறாள். அவன் மறுக்கிறான், முடிவில் மாவால் செய்த கோழியை வெட்ட இசைகிறான். உயிர் எதுவும் போகவில்லை. ஆயினும் கொல்லும் எண்ணம் இருந்தது. மனைவி கொடுத்த நஞ்சால் இறந்த மன்னனும் அவன் தாயும் மயிலும் நாயுமாகத் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகளில் அல்லல்படுகின்றனர். கோழிகளாகப் பிறந்தபோது அறவுரை கேட்டபின்னரே மனிதப் பிறவி வாய்க்கிறது. கொல்ல எண்ணாமல் உழும் உழவனுக்கும் கொல்லாமலே கொலையை எண்ணிய மன்னனுக்கும் நடுவில் இக்கொள்கை கோடு போடும் இடம் இங்கேதான் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

இதற்கு மாறாக, பிறர் பாவத்தைச் சுமப்பவர் உண்டு என்னும் கிறிஸ்தவப் போதனையும் செஞ்சிக்கு வந்தது. 1597ஆம் ஆண்டில் இயேசு சபைப் பாதிரியார் பிமெந்தா, செஞ்சியை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கரின் அவைக்கு வந்தார். பாவமற்ற ஒருவர் பிறர் பாவங்களைத் தாமே ஏற்றுச் சிலுவையில் உயிர்கொடுத்தார், அதனால் மனிதர் கடவுளோடு ஒப்புரவாயினர் என்பது அவர் சமயத்தின் நடு நம்பிக்கை. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதில் அச்சமயத்தாரிடையே ஒரே விளக்கம் இல்லை. தொடக்ககாலத் திருச்சபையில் பலர் அதைச் சாவின் மீதும் சாத்தானின் மீதும் கிடைத்த வெற்றியாகக் கண்டனர். கடவுளின் மாண்புக்கு மனிதன் செலுத்த இயலாத ஈட்டைக் கிறிஸ்து செலுத்தினார் என்று 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இறையியலாளர் அன்செல்ம் வாதிட்டார். அந்தத் தியாகம் மனித உள்ளத்தில் அன்பைத் தூண்டுவதை மற்றோர் இறையியலாளரான அபெலார்டு வலியுறுத்தினார்.

பாவத்தை மறைக்காமல் அறிக்கையிட வேண்டும், பகையை விட வேண்டும், மனம் திருந்த வேண்டும் என்பவற்றில் இரு சமயங்களும் அருகருகே நிற்கின்றன. கிறிஸ்தவம் மனிதனைத் தன் முயற்சியால் மட்டும் மீளமுடியாதவனாகக் காண்கிறது. ஆகவே பிறர்பொருட்டுச் சுமப்பவர் அங்கே இன்றியமையாதவர். சமணத்தில் அந்த இடம் இல்லை. மேல்சித்தாமூர் மடத்துப் பட்டாரகர் அறம் உரைக்கலாம், நோன்பு அளிக்கலாம். நோன்பை நோற்க வேண்டியவர் எதிரே அமர்ந்திருப்பவர்.