காப்பித் தோட்டத்தில் மரம் எதற்கு?

போன பொங்கலுக்குத் தாண்டிக்குடிப் பக்கம் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். கீழ்ப்பழனி மலையில் அவருக்கு நாலு ஏக்கர் காப்பி. காப்பித் தோட்டம் என்று பேர்தான், உள்ளே நுழைந்தால் காடு மாதிரி இருக்கும். மேலே பலா, அத்தி, சில்வர் ஓக். நடுவில் மலைவாழை, ஆரஞ்சு. அதற்கும் கீழேதான் காப்பிச் செடி. மிளகுக்கொடி கிடைத்த மரத்திலெல்லாம் ஏறியிருக்கும்.

"தம்பி, மர வியாபாரி வந்துட்டுப் போனான். அனுமதி வாங்குறதெல்லாம் அவனே பாத்துக்கிறானாம். மொத்தமா குடுத்தா தங்கச்சி கல்யாணச் செலவு முடிஞ்சிரும். வெயில் பட்டா காய்ப்பும் கூடும்கிறான். நீதான் எதையாவது தேடிக்கிட்டே இருப்பியே, பாத்துச் சொல்லு" என்றார்.

சென்னை திரும்பியதும், ஆபீஸ் வேலை முடிந்த இரவுகளில் தேட ஆரம்பித்தேன். பார்த்தால், இதே கேள்வியோடு 150 வருஷத்துக்கு முன்பே ஒருவர் தோட்டம் தோட்டமாக அலைந்திருக்கிறார்.

அவரிடம் போகும் முன் செடியைப் பற்றிக் கொஞ்சம். அரபிகா காப்பியின் சொந்த ஊர் எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகள். அங்கே அது பெரிய மரங்களின் கீழே, இலை வழியாக வடிந்து வரும் வெயிலில் வளர்கிற சிறு மரம். பூத்ததிலிருந்து பழம் சிவக்க எட்டு ஒன்பது மாதம் ஆகும். குளிர்ச்சி இருந்தால் பழம் இன்னும் நிதானமாகப் பழுக்கும். அந்த நிதானத்தில்தான் கொட்டை முழுசாகத் திரண்டு, ருசிக்கான சரக்கெல்லாம் உள்ளே சேர்கிறது. அதனால்தான் உயரமான மலைக் காப்பிக்கு மவுசு.

1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். எத்தியோப்பியாவில் 2,000 மீட்டர் வரை காப்பி விளைகிறது; நம் பக்கத்துத் தோட்டங்கள் பலவும் அதில் பாதி உயரத்தில் இருப்பவை. பலா மரம் செடியைச் சுற்றி 2 டிகிரி குறைத்தால், தோட்டம் 300 மீட்டர் மேலே ஏறின மாதிரி. (எஞ்சினியர் கணக்குதான். தாவரவியல் படித்தவர்கள் சிரிக்கலாம்.)

கோஸ்டாரிகாவில் செய்த ஒரு சோதனை 2006இல் வெளிவந்தது. நிழலில் நின்ற செடிகளில் பழம் பழுக்க ஒரு மாதம் வரை கூடுதலாக ஆனது. கொட்டை பெரிதாக இருந்தது. வெயிலில் விளைந்ததைக் காய்ச்சிக் குடித்தபோது கசப்பும் துவர்ப்பும் தூக்கலாக இருந்தன.

வியாபாரி சொன்னதும் பொய் இல்லை. வெயில் பட்டால் பூ அதிகம் வைக்கும், காயும் அதிகம் பிடிக்கும். ஆனால் தாங்க முடியாத காயை உதிர்த்துவிடும் புத்தி காப்பிச் செடிக்குக் கிடையாது. இலையிலும் வேரிலும் இருக்கிற சத்தையெல்லாம் காய்க்குக் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷம் கொம்பு காய்ந்து நிற்கும்.

இப்போது வரலாற்றுக்கு வருவோம். 1850களில் குடகில் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டம் போட்டபோது, பலரும் காட்டை மொட்டையாக வெட்டி, எரித்து, சாம்பல் மண்ணில் காப்பி நட்டார்கள். முதல் சில வருஷம் நல்ல மகசூல். 1860களின் நடுவில் மழை பொய்த்தது. கூடவே வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வந்தது. ஒல்லியான, கோடு போட்ட வண்டு. பட்டையின் வெடிப்பில் முட்டையிடும். புழு தண்டுக்குள் புகுந்து மாதக் கணக்கில் குடைந்துகொண்டே இருக்கும். வெளியே பார்த்தால் இலை லேசாக மஞ்சளாக இருக்கும், அவ்வளவுதான். பிடித்து வளைத்தால் செடி பட்டென்று முறியும்.

தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தபோது, மதராஸ் அரசு ஜார்ஜ் பிடி என்ற ராணுவ மருத்துவரை விசாரிக்க அனுப்பியது. (இவர்தான் பின்னாளில் எழும்பூர் மியூசியத்தை நிர்வகித்தவர்.) அவருடைய அறிக்கை 1869இல் வந்தது. திறந்த தோட்டங்களில் சேதம் அதிகம், நிழல் இருந்த இடத்தில் குறைவு, அதனால் மரத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்பதுதான் சாரம். காரணம் இப்போது தெளிவாகவே தெரியும். அந்த வண்டுக்கு வெயில் வேண்டும். வெயில் விழும் தண்டைத்தான் தேடிப் போய் முட்டையிடும்.

துரைமார்கள் வெட்டிய இடத்திலேயே திரும்ப மரம் வைத்தார்கள். இன்றைக்கும் இந்தியக் காப்பி பெரும்பாலும் நிழலில்தான் விளைகிறது. ருசியை நினைத்து யாரும் இதை ஆரம்பிக்கவில்லை என்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. வண்டுக்குப் பயந்து வைத்த மரம், நம் டம்ளரில் இருக்கும் சாந்தமான ருசிக்கும் ஒரு காரணமாகிவிட்டது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நிழல் சர்வரோக நிவாரணி இல்லை. அதே 1869இல் இலங்கையில் இலைத்துரு நோய் தலைகாட்டியது. நம் மதுரை, திருநெல்வேலி, திருச்சிப் பக்கத்து ஜனங்கள் நடந்தே போய் உழைத்த தோட்டங்கள் அவை. அங்கேயும் மலைமலையாக மரத்தை வெட்டி வெறும் காப்பி மட்டும்தான். மார்ஷல் வார்டு என்ற இளம் விஞ்ஞானி கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளை வைத்து, நோயின் வித்து காற்றில் பறந்து வருவதைப் பிடித்துக் காட்டினார். தடுக்க ஒரு மரவரிசைகூட இல்லாத பரப்பு. இலங்கை டீக்கு மாறிய கதை தெரிந்ததுதான். ஆனால் குடகின் நிழல் தோட்டங்களுக்கும் துரு நோய் வந்தது. நிழல் அடர்ந்தால் ஈரம் தங்கும், பூவும் குறையும். அதனால்தான் பருவம் பார்த்துக் கிளை கழிக்கிறார்கள். எவ்வளவு நிழல் என்பதில்தான் விவசாயியின் கைத்திறன் இருக்கிறது.

இதையெல்லாம் சித்தப்பாவுக்குப் போனில் சொன்னேன். குடகு, பிடி, கோஸ்டாரிகா எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார். வண்டு பற்றிச் சொன்னபோதுதான் நிறுத்தினார்.

"அது இங்கயும் இருக்குப்பா. ரோட்டோரம் வெயில் படுற இடத்துல வருஷம் பத்துச் செடி பிடுங்கி எரிக்கிறேன். அப்ப பூராவும் வெயிலானா?"

நான் பதில் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். கிழக்கு ஓரத்து சில்வர் ஓக் இருபது மட்டும் கொடுக்கிறாராம். மேற்கு வெயில்தான் சுடும், அந்தப் பக்கம் தொடவில்லை. பலாவும் அத்தியும் அப்படியே இருக்கட்டும், மீதிப் பணத்துக்குச் சித்தியின் நகையை வைக்கப் போகிறார். நானும் கொஞ்சம் அனுப்புகிறேன் என்றேன்.

"அதுக்கு உன்னைக் கேக்கல. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே வந்து சேரு" என்று வைத்துவிட்டார்.