அஞ்சுதெங்குக் கோட்டை

திருவனந்தபுரம் மாவட்டத்தில், அரபிக்கடலுக்கும் காயலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல்கரையில் உள்ளது. கேரளக் கரையில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடக்ககாலத்தில் அமைத்த குடியிருப்புகளில் இதுவும் ஒன்று. கோட்டை என்று பெயர் பெற்றாலும் இது அடிப்படையில் மிளகுக் கிடங்குதான். மதில் எழுந்ததே அந்த மிளகைக் காக்க.

1684-ல் இங்கே பண்டகசாலை வைக்க ஆற்றிங்கல் ராணி இசைந்தார். கோட்டை 1695-ல் கட்டப்பட்டது. நாற்சதுரம், மூலைக்கொரு கொத்தளம். சுவர்கள் வெட்டுக்கல்லால் ஆனவை. நிலத்திலிருந்து தோண்டும்போது கோடரிக்கு இணங்கும் இந்தச் செம்புரைக்கல், காற்றுப்பட்டதும் இறுகிவிடும். புழு அரித்ததுபோல் துளைகள் நிறைந்த அதன் செந்நிற முகத்தை இன்றும் மதிலில் காணலாம்.

உள்நாட்டு மிளகு ஆற்றுவழியிலும் காயல்வழியிலும் தோணிகளில் வந்து சேர்ந்தது. விலையை அழுத்தியும், சொந்த வணிகத்தில் லாபம் பார்த்தும் கம்பெனி அதிகாரிகள் ஊராரின் பகையைத் தேடிக்கொண்டனர். ராணிக்கு ஆண்டுதோறும் செலுத்தும் காணிக்கை தங்கள் வழியாகவே போகவேண்டும் என்றனர் அங்கே செல்வாக்குப் பெற்றிருந்த பிள்ளைமார். தலைமை அதிகாரி வில்லியம் கிஃபோர்ட் அதை மறுத்தார். 1721 ஏப்ரலில் ஏறத்தாழ 140 பேருடன் தாமே காணிக்கையை எடுத்துக்கொண்டு ஆற்றிங்கல் சென்றார். அங்கே கிஃபோர்டும் உடன் சென்றவர்களும் கொல்லப்பட்டனர். அடுத்து கோட்டை முற்றுகைக்கு உள்ளானது. பீரங்கிப் பொறுப்பாளர் சாமுவேல் இன்ஸ் கைக்கெட்டிய சிலரை வைத்துக்கொண்டு, தலச்சேரியிலிருந்து உதவி வரும்வரை சுமார் ஆறு மாதம் தாக்குப்பிடித்தார். ஆங்கிலேயருக்கு எதிரான எழுச்சிகளை 1857-லிருந்து எண்ணத் தொடங்குவது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு ஆற்றிங்கல் ஒன்றே போதும். பிளாசிப் போருக்கே இது 36 ஆண்டுகள் முந்தியது. 1723-ல், பின்னாளில் திருவிதாங்கூராக வளர்ந்த வேணாடு அரசு கம்பெனியுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. ஆற்றிங்கலின் தனி அதிகாரம் அதன்பின் தேய்ந்தது.

கம்பெனியின் போர்களை வரலாறாக எழுதிய ராபர்ட் ஓர்ம் 1728-ல் இங்கே பிறந்தவர். ஆங்கில நாவலாசிரியர் லாரன்ஸ் ஸ்டெர்னின் மனங்கவர்ந்த எலிசா டிரேப்பர் பிறந்த ஊரும் இதுவே. இங்குள்ள ஆங்கிலேயர் கல்லறைகளில் 1704-ஆம் ஆண்டினதும் உண்டு.

பண்டகசாலை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டது. ஆனால் ஊர் திருவிதாங்கூரிடம் போகவில்லை. சமஸ்தானத்தின் நடுவே பிரிட்டிஷ் துண்டுநிலமாகவே நீடித்து, பின்னாளில் சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி மாவட்டத்தோடு இணைந்திருந்தது. இதேபோன்ற மற்றொரு துண்டுநிலமான தங்கசேரியோடு சேர்த்து 1950-ல்தான் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்துக்கு மாற்றப்பட்டது. கோட்டை இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.