பதவிப் பிரமாணத்தில் இடம் மாறிய ஒரு வினையடை

ஒரு வாக்கியத்தில் ஒரு சொல் இடம் மாறினால் என்ன ஆகிவிடும்? பரீட்சையில் அரை மார்க் போகும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். ஆனால் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வினையடை தன் இடத்தை விட்டு வாக்கியத்தின் கடைசிக்குப் போனதால், அமெரிக்க அதிபர் ஒருவர் மறுநாளே மீண்டும் பதவிப் பிரமாணம் எடுத்த கதை உண்டு. அந்தச் சொல் 'ஃபெய்த்ஃபுல்லி'. தமிழில் 'உண்மையுடன்' அல்லது 'நேர்மையாக' என்று சொல்லலாம்.

35 சொற்கள்

அமெரிக்க அரசியல் சட்டம் 1787-ல் ஃபிலடெல்ஃபியா நகரில் எழுதப்பட்டது. அதிபர் சொல்ல வேண்டிய உறுதிமொழி அதன் இரண்டாம் பிரிவிலேயே சொல்லுக்குச் சொல் தரப்பட்டுள்ளது. மொத்தம் 35 சொற்கள்தான். அதிபர் பதவிக்குரிய கடமையை உண்மையுடன் நிறைவேற்றுவேன், என்னால் இயன்ற அளவு அரசியல் சட்டத்தைப் பேணிக் காப்பேன் என்பதே அதன் சாரம்.

1787 ஆகஸ்ட் மாத வரைவில் முதல் பாதி மட்டுமே இருந்தது. ஜார்ஜ் மேசனும் ஜேம்ஸ் மேடிசனும் கேட்டுக்கொண்ட பிறகு இரண்டாம் பாதி சேர்ந்தது. ஆனால் 'ஃபெய்த்ஃபுல்லி' அந்த முதல் வரைவிலேயே இருந்தது.

இப்போது கொஞ்சம் இலக்கணம். தமிழில் 'நிறைவேற்றுவேன் என்று உறுதி கூறுகிறேன்' என்று 'என்று' போட்டு இணைப்பதை, ஆங்கிலத்தில் 'தட்' போட்டு இணைப்பார்கள். அந்தத் 'தட்' பகுதிக்குள் 'ஐ வில் எக்ஸிக்யூட்' என்று வினை வருகிறது. 'வில்' துணைவினை, 'எக்ஸிக்யூட்' முதன்மை வினை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் 'ஃபெய்த்ஃபுல்லி' உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் வினையடைக்கு மிக இயல்பான இடங்களில் இதுவும் ஒன்று. எழுதியவர்கள் அங்கே வைத்ததில் ஒரு வசதியும் உண்டு. 'தட்'டுக்கு முன்னால் வைத்தால் 'உண்மையுடன் உறுதி கூறுகிறேன்' என்று பொருள் மாறிவிடும். உள்ளே வைத்தால்தான் 'உண்மையுடன் நிறைவேற்றுவேன்' என்று கிடைக்கும். நேர்மை உறுதிமொழி சொல்லும் அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டுமல்ல, பதவிக்காலம் முழுவதற்கும்!

2009 ஜனவரி 20

அன்று வாஷிங்டனில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கூடியிருந்தார்கள். பராக் ஒபாமா பதவியேற்கிறார். பிரமாணம் செய்து வைப்பவர் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். இருவருமே ஹார்வர்டு சட்டப் பள்ளியில் படித்தவர்கள். 2005-ல் ராபர்ட்ஸின் நியமனம் செனட்டுக்கு வந்தபோது எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் ஒபாமாவும் ஒருவர்.

ராபர்ட்ஸ் கையில் தாள் இல்லை. மனப்பாடமாகச் சொன்னார். அவர் முதல் வரியை முடிப்பதற்குள் ஒபாமா சொல்லத் தொடங்கிவிட, அங்கேயே தாளம் தப்பியது. அடுத்த வரியில் ராபர்ட்ஸ் 'ஃபெய்த்ஃபுல்லி'யை நடுவில் சொல்லாமல் வாக்கியத்தின் கடைசியில் கொண்டுபோய் வைத்தார். ஒபாமாவுக்குத் தவறு தெரிந்துவிட்டது. 'ஐ வில் எக்ஸிக்யூட்' வரை சொல்லிவிட்டு நிறுத்தினார். ராபர்ட்ஸ் திருத்த முயன்று மறுபடியும் தடுமாறினார். கடைசியில் ஒபாமா, ராபர்ட்ஸ் முதலில் சொன்ன தவறான வரிசையிலேயே, 'ஃபெய்த்ஃபுல்லி'யைக் கடைசியில் வைத்துச் சொல்லி முடித்தார்.

பொருள் மாறியதா? இல்லை. ஆனால் இது வெறும் வாக்கியம் அல்ல, அரசியல் சட்டம் கொடுத்த வாசகம். 20-ஆம் திருத்தத்தின்படி ஜனவரி 20 நண்பகலிலேயே புதிய அதிபரின் பதவிக்காலம் தொடங்கிவிடுகிறது. இருந்தாலும் கடமைகளைத் தொடங்கும் முன் அந்த உறுதிமொழியை எடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அப்படியானால் அவர் போடும் கையெழுத்து செல்லுமா என்று நாளைக்கு யாராவது கோர்ட்டுக்குப் போனால்?

பிரமாணம் செல்லும் என்றுதான் வெள்ளை மாளிகை வழக்கறிஞர் கூறினார். ஆனாலும் முன்னெச்சரிக்கையாக, ஜனவரி 21 மாலை வெள்ளை மாளிகையின் மேப் ரூம் என்ற அறையில் ராபர்ட்ஸ் மீண்டும் பிரமாணம் செய்து வைத்தார். கூட்டம் இல்லை, டிவி கேமரா இல்லை, கையில் பைபிளும் இல்லை. இந்த முறை மெதுவாகச் சொல்லலாம் என்று ஒபாமாவே கேட்டுக்கொண்டார். வினையடை தன் இடத்துக்குத் திரும்பியது.

ஏன் இடம் மாறியது?

மொழியியல் அறிஞர் ஸ்டீவன் பிங்கர் அந்த வாரமே நியூயார்க் டைம்ஸில் ஒரு சுவையான விளக்கம் தந்தார். ஆங்கிலத்தில் 'டு' என்ற சொல்லையும் வினையையும் வினையடையால் பிரிக்கக் கூடாது என்று ஒரு பழைய தடை உண்டு. 1864-ல் ஹென்றி ஆல்ஃபர்டு என்ற பாதிரியார் தன் நூலில் இதை வலியுறுத்தினார். பிறகு சிலர் இதை இன்னும் நீட்டி, துணைவினைக்கும் முதன்மை வினைக்கும் நடுவிலும் வினையடை வரக் கூடாது என்றார்கள். உண்மையில் அப்படி ஒரு விதியே இல்லை. 1926-லேயே ஃபவ்லர் தன் புகழ்பெற்ற அகராதியில், இது தவறான நம்பிக்கை என்று எழுதிவிட்டார். ஆனால் அமெரிக்கச் சட்டத் துறையில் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. வாக்கியத்தைத் திருத்தி எழுதியே பழகிய ராபர்ட்ஸ், தன்னை அறியாமல் அரசியல் சட்டத்தையே திருத்திவிட்டார் என்பது பிங்கரின் ஊகம். அது ஊகம்தான். அத்தனை பேர் முன்னால் மனப்பாடம் தடுமாறியது என்றும் எளிதாகச் சொல்லிவிடலாம்.

இப்படித் தவறியது முதல் முறையும் அல்ல. 1929-ல் ஹூவருக்குப் பிரமாணம் செய்து வைத்த தலைமை நீதிபதி டாஃப்ட் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னார். அவரே ஒரு முன்னாள் அதிபர், அதே உறுதிமொழியை எடுத்தவர்! ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பள்ளி மாணவிதான் தவறைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதினாள். செய்திப் படங்களைப் போட்டுப் பார்த்தபோது அவள் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. ஹூவர் மீண்டும் பிரமாணம் எடுக்கவில்லை.

அந்தச் சொல்லின் எடை

அரசியல் சட்டத்தில் இதே வினையடை இன்னொரு 'தட்' பகுதியிலும் வருகிறது. சட்டங்கள் உண்மையுடன் நிறைவேற்றப்படுவதை அதிபர் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற வரி அது. அங்கேயும் முதன்மை வினைக்கு முன்னால்தான். 2019-ல் ஹார்வர்டு சட்ட ஆய்விதழில் மூன்று சட்டப் பேராசிரியர்கள் இந்தச் சொல்லின் வரலாற்றை ஆராய்ந்து எழுதினார்கள். இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாகச் சாதாரண அதிகாரிகள் எடுத்த உறுதிமொழிகளிலிருந்து இது வந்தது என்றும், பதவியைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற கட்டுப்பாடு இதில் அடங்கியிருக்கிறது என்றும் அவர்கள் வாதிட்டார்கள். அதாவது 'ஃபெய்த்ஃபுல்லி' அழகுக்காகச் சேர்த்த சொல் அல்ல. அதிபரின் கையைக் கட்டும் சொல்.

2013-ல் ஒபாமா இரண்டாம் முறை அதிபரானபோது, ஜனவரி 20 ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. அதனால் அன்று வெள்ளை மாளிகைக்குள்ளும், மறுநாள் மக்கள் முன்னிலையிலும் பிரமாணம் நடந்தது. இப்படி இரண்டு பதவிக்காலத்துக்கு நான்கு முறை உறுதிமொழி! நான்கு முறை பதவிக்கு வந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் கணக்கும் நான்குதான். ராபர்ட்ஸ் இந்தத் தடவை மனப்பாடத்தை நம்பவில்லை. கையில் அட்டையை வைத்துப் பார்த்துப் படித்தார்.

வினையடைதானே, எங்கே வைத்தால் என்ன என்று இனி யாராவது கேட்டால், மேப் ரூம் கதையைச் சொல்லலாம்.