பூட்டின அறைக்குள்ள ஆர்?

பேய்ப்படம் எண்டதும் எங்களுக்கு ஞாபகம் வாறது ஒரு பழைய பெரிய வீடும், திறக்கக்கூடாத ஒரு அறையும்தான். அந்த வீட்டுக்கு 250 வருசத்துக்கு மேல வயசு. 1764இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய 'ஒட்ராண்டோ கோட்டை'யோடு கோதிக் நாவல் தொடங்குகிறது. ஆட்சியைக் களவாக எடுத்த ஒரு குடும்பத்தின் பழைய பாவம் அதில் பேயுருவில் திரும்பி வருகிறது.

1847இல் சார்லட் புரொன்டி 'ஜேன் எயர்' எழுதினார். அதில் பூட்டின அறைக்குள் இருந்தது உயிருள்ள ஒரு பெண்: ஜமேக்காவில் கலியாணம் கட்டிக் கூட்டிவந்து, பைத்தியம் எண்டு அடைத்து வைக்கப்பட்ட மனைவி. அவளின் பக்கக் கதையை ஜீன் ரீஸ் 1966இல்தான் தனி நாவலாக்கினார். 'ஜேன் எயர்' 1969இல் 'சாந்தி நிலையம்' எண்டு தமிழில் படமானது. 2005இல் வந்த 'சந்திரமுகி'யிலும் அதே மாதிரி ஒரு அறை. அரசன் எரித்துக் கொன்ற நாட்டியக்காரியின் கதை அதுக்குள்ள கிடக்கிறது. ஆனால் எங்கட மனசில நிண்டது அவளின்ர கோபம் மட்டும்; அரசன் செய்த கொலையை மறந்திட்டம்.

கரவெட்டியிலயும் பூட்டிக் கிடக்கிற வீடுகள் இருக்கு. "அங்கால போகாதேங்கோ, பேய் இருக்கு" எண்டு சின்னாக்களுக்குச் சொல்லிப்போட்டுக் கடந்து போறம். 1987 வடமராட்சி இராணுவ நடவடிக்கை, பிறகு இடப்பெயர்வு, வெளிநாடு எண்டு ஆக்கள் விட்டிட்டுப் போன வளவுகளும் அதில அடக்கம். அங்க ஆர் இருந்தவை, ஏன் போனவை எண்டு பெரியாக்கள் இருக்கேக்கையே கேட்டு வைப்பம். கதை தெரிஞ்ச வீட்டில பேய் கனநாள் இருக்காது.